கூடிப்போன ஆற்றல்

கம்ப்யூட்டேஷனல் பிசிக்ஸ் என்ற தாளுக்கு முதலில் வேண்டியது கம்ப்யூட்டர் என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் போதும், முதல் வாரம் அதைக் கொண்டே நடத்த வேண்டும் என்பது என் கட்சி.

மூலனூரில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறாள். வீட்டில் பருத்தியும் முருங்கையும். அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பிளஸ் டூவில் அவனுக்கு அரசு கொடுத்த லேப்டாப் இப்போது இவளிடம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். ரெக்கார்ட் நோட்டும் லேப்டாப்புமாக ஒரு நாள் வந்தாள்.

“சார், எரர் எதுவும் வர்லீங். புரோகிராம் ஓடுதுங். ஆனா ஸ்பிரிங் ஆட்டம் நிக்காம பெருசாயிட்டே போகுதுங்.”

“லேப்டாப்ப மூடு கண்ணு. பென்சில் எடு” என்றேன்.

சுருள்வில்லில் கட்டிய ஓர் எடை. நிலையிடத்திலிருந்து 1 அலகு இழுத்து விடுகிறோம். தொடக்க வேகம் 0. கணக்கு எளிதாக இருக்க, முடுக்கம் எப்போதும் இடப்பெயர்ச்சிக்குச் சமம், எதிர்த்திசையில் என்று வைத்துக்கொள்வோம். 0.1 நொடி ஓர் அடி; அடிக்கு ஒரு வரிசையாக எழுதிக்கொண்டு போக வேண்டும். புதிய இடத்துக்குப் பழைய வேகம், புதிய வேகத்துக்குப் பழைய முடுக்கம்: இதுதான் ஆய்லர் முறை. முதல் அடியில் இடம் 1, வேகம் -0.1. இரண்டாம் அடியில் இடம் 0.99, வேகம் -0.2. இப்போது இடத்தின் வர்க்கத்தையும் வேகத்தின் வர்க்கத்தையும் கூட்டச் சொன்னேன். மொத்த ஆற்றலின் அளவு அதுதான், மாறவே கூடாது. அவளுக்குக் கிடைத்தது 1, பிறகு 1.01, பிறகு 1.0201. வரிசைக்கு நூற்றில் ஒன்று ஏறுகிறது. ஒரு முழு அலைவுக்கு ஏறத்தாழ 63 வரிசைகள். அதற்குள் ஆற்றல் 1.87 மடங்கு. பத்து அலைவில் 500 மடங்கைத் தாண்டிவிடும்.

புரோகிராமில் எழுத்துப் பிழை கிடையாது, கம்ப்யூட்டர் கூட்டலிலும் தவறவில்லை. இடையில் வேகம் மாறிக்கொண்டே இருக்கும்போது, அடியின் தொடக்கத்து வேகத்தை அடி முழுவதற்கும் வைத்துக்கொண்டதால் வந்த வினை இது. ஆற்றல் அழிவின்மை விதியைப் பதினோராம் வகுப்பில் மனப்பாடம் செய்தவள், அந்த விதியை வைத்து ஒரு கணக்கைப் பிடித்து நிறுத்தலாம் என்று அன்றைக்குத்தான் கண்டாள். அவள் முகத்தைப் பார்த்தபோது எனக்கிருந்த மகிழ்ச்சி பெரிது.

இதற்கு மருந்து மிக எளிது. முதலில் வேகத்தை மாற்று. அந்தப் புதிய வேகத்தால் இடத்தை மாற்று. இரண்டு வரிகள் இடம் மாறுகின்றன, அவ்வளவே. ஆற்றல் சற்று ஏறும், சற்று இறங்கும். எத்தனை அலைவு ஓடவிட்டாலும் ஐந்தாறு விழுக்காட்டைத் தாண்டாது. 1981இல் ஆலன் குரோமர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதை விளக்கிக் கட்டுரை எழுதினார். ஆனால் இந்த மாற்றத்தைத் தற்செயலாகக் கண்டவர் ஆபி ஆஸ்பெல் என்ற பள்ளி மாணவி. குரோமர் அதைத் தம் கட்டுரையிலேயே சொல்லியிருக்கிறார். ஒரு பள்ளிப் பிள்ளையின் பெயரை மறைக்காமல் எழுதிய அந்தப் பேராசிரியர் மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கையால் போடுவது பழங்காலத்து வேலை என்று யாரும் எண்ண வேண்டாம். 1961இல் அமெரிக்காவின் கால்டெக்கில் தொடங்கிய விரிவுரைகளில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் இதே சுருள்வில்லை, இதே 0.1 நொடி அடியில், அட்டவணையாகப் போட்டுக் காட்டினார். வேகத்தை மட்டும் அடியின் நடுவில் எடுத்துக்கொண்டார். அடுத்ததாகச் சூரியனைச் சுற்றும் கோளுக்கும் அதே வழி. மூன்றாண்டு கழித்து, 1964இல், ஹைதராபாத்தில் பிறந்த அனீசுர் ரஹ்மான் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் 864 ஆர்கான் அணுக்களை இப்படியே அடியடியாகக் கணினிக்குள் ஓடவிட்டார். அவர் எடுத்துக்கொண்ட கால அடி, ஒரு நொடியை நூறு லட்சம் கோடி கூறாக்கினால் அதில் ஒரு கூறு. திரவத்துக்குள் அணுக்கள் எப்படி நெருங்கி விலகி நகர்கின்றன என்பது அந்தக் கணக்கிலிருந்து தெரிந்தது. எக்ஸ் கதிர்ச் சோதனைகள் காட்டியதோடும் அது ஒத்துப்போனது. இன்று மருந்து மூலக்கூறு வரை ஆராயும் ஒரு துறையே அந்த வழியில் வளர்ந்திருக்கிறது. அமெரிக்க இயற்பியல் கழகம் கணினி வழி இயற்பியலுக்குத் தரும் பரிசுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறது. நம் வகுப்புகளில் அவர் பெயரைச் சொல்பவர்கள் குறைவு.

நம்மூரிலேயே கணக்குகள் கிடக்கின்றன. மூலனூரைச் சுற்றிக் காற்றாலைகள். காற்றிலுள்ள திறன் வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. ஒரு மணி நேரம் நொடிக்கு 4 மீட்டர், அடுத்த மணி நேரம் 8 மீட்டர் என்று வீசினால், சராசரி 6; அதன் முப்படி 216. ஒவ்வொரு மணிக்கும் தனியாக முப்படி எடுத்துச் சராசரி கண்டாலோ 288. சராசரி வேகத்தை நம்பினால் கால் பங்கு திறன் கணக்கில் வராமல் போய்விடும். ஆடி மாதக் காற்றை மணிக்கு மணி குறித்துவைத்துப் பைத்தானில் பத்து வரி எழுதினால், புத்தகத்துப் பயிற்சி எதுவும் தராத தெளிவு கிடைக்கும். மொழி தடையென்று அஞ்சுபவர்களுக்கு, ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியலில் பைத்தான் பாடங்கள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் பல இடங்களில் இந்தத் தாள் எப்படி நடக்கிறது? சீனியர் நோட்டைப் பார்த்துப் புரோகிராமைப் படியெடுப்பது, அவுட்புட்டை ஒட்டுவது, வைவாவில் வரையறை ஒப்பிப்பது. தப்பான விடையும் சரியான விடையும் ஒரே மாதிரி அழகாக அச்சாகும் பாடம் இது. விடையைச் சந்தேகிக்கக் கற்றுக்கொடுக்காவிட்டால் கற்றுக்கொடுத்தது டைப்பிங் மட்டும்தான். பஸ் பிடித்து, பாதி நாள் வேலைக்கும் போய், முதல் தலைமுறையாகக் கல்லூரிப் படி ஏறும் பிள்ளைகளுக்கு அது அநியாயம்.

பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. செய்முறைத் தேர்வுக்கு வினா எழுதும் ஆசிரியர்களை ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: இயக்கக் கணக்கு எதைக் கேட்டாலும், மொத்த ஆற்றலை ஒவ்வோர் அடியிலும் அச்சிட்டு, அது ஏன் மாறியது அல்லது மாறவில்லை என்று நான்கு வரி தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சொல்லுங்கள். பாதி மதிப்பெண்ணை அந்த நான்கு வரிக்குக் கொடுங்கள்.