சாம்பல்தீவுக் கரையில் ஒரு தூண்டில்

 

பெயரில் தீவு இருக்கிறதே என்று தோணியைத் தேட வேண்டாம். திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினால் போதும். உப்புவெளியைத் தாண்டியதும் சாம்பல்தீவு வந்துவிடும். பாலத்தடியில் களப்புத் தண்ணீர் கடலைத் தேடிப் போகிறது. கொழும்பிலிருந்து வரும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்தப் பாலத்தை ஒரு நிமிடத்தில் கடந்து, நிலாவெளிக் கடற்கரைக்கும் புறாத்தீவுக்கும் போய்விடுகின்றன. அடுத்த விடுமுறைக்கு வரும்போது நீங்கள் இங்கே ஒரு காலைப்பொழுது இறங்கிப் பாருங்கள். பிள்ளைகளின் கையில் ஒரு தூண்டிலையும் கொடுங்கள்.

1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் இந்தக் கரையோரம் சோதனைச் சாவடிகளும் கட்டுப்பாடுகளுமாக இருந்தது. நடுவில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்தது. பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமே விடாத தாய்மார் அதன்பின் நம்மில் எத்தனையோ பேர். அந்தப் பயத்தைக் குறை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் கடலை அறியாமல் வளரும் பிள்ளைக்குக் கடலின் ஆபத்தும் தெரியாமல் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பதே நல்ல பாதுகாப்பு.

ஆங்கிலப் புத்தகங்களில் தூண்டில் என்றால் ட்ரவுட் என்ற மீனின் பேச்சுத்தான் அதிகம். அது குளிர்ந்த நீரில் வாழ்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளைக்காரர் அதை நமது மலைநாட்டு ஓடைகளில் கொண்டுவந்து விட்டார்கள். ஹோட்டன் சமவெளிப் பக்கம் அதைக் காணலாம். திருகோணமலையின் வெதுவெதுப்பான தண்ணீரில் அது வாழாது. ஆனால் ஈயத்தைக் கட்டி இரையை அடித்தரையில் கிடத்திக் காத்திருக்கும் முறை ஒன்றுதான். இங்கே அதில் கிழக்கன், விளைமீன், கெளிறு போன்றவை கிடைக்கும்.

என்ன தேவை?

விலை கூடிய சாமான் ஒன்றும் வேண்டாம். ஐம்பது மீற்றர் தங்கூசி நூலை ஒரு வெறும் பிளாஸ்டிக் போத்தலில் சுற்றிக்கொள்ளுங்கள். நடுவில் ஓட்டை உள்ள சிறிய ஈயம் ஒன்றை நூலில் கோர்த்து, அது முள்வரை இறங்கிவிடாதபடி ஒன்றரை அடி மேலே ஒரு தடை முடிச்சுப் போடுங்கள். நூலின் நுனியில் சிறிய முள்ளைக் கட்டுங்கள். புதிதாகப் பழகுவோர் பெரிய மீனை நினைத்துப் பெரிய முள்ளை வாங்குவது வழக்கம். கிழக்கனின் வாயோ சின்னது. முடிச்சை இறுக்குமுன் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்தபடி இறுக்கினால் நூல் சூடேறிப் பலம் குறையும்.

ஈயத்தில் ஓட்டை எதற்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். மீன் இரையைக் கவ்வி நகரும்போது நூல் மட்டும் ஓட்டை வழியாக ஓடும். ஈயத்தின் பாரம் மீனுக்குத் தெரியாது. அதனால் அது இரையைத் துப்பிவிடாது.

இரைக்கு, தோல் உரித்த இறால் துண்டோ கணவாய்த் துண்டோ போதும். முள்ளை மூடும் அளவு இருந்தால் சரி.

எங்கே போடுவது?

பாலத்தின் மேல் நிற்க வேண்டாம். வாகனங்கள் விரைந்து போகும் பாதை அது. கரையில் நின்று, ஓடும் தண்ணீரும் நிற்கும் தண்ணீரும் சந்திக்கும் விளிம்பைப் பாருங்கள். மணல் சரிந்து ஆழமாகும் இடமும் நல்லது. நீரோட்டம் கொண்டுவரும் தீனி அங்கேதான் தங்கும். வீசுமுன் பின்னால் பிள்ளைகள் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டு வீசுங்கள்.

ஈயம் தரையைத் தொட்டதும் நூலின் தொய்வை எடுத்து, ஆள்காட்டி விரலின் மேல் வைத்திருங்கள். முதலில் தட்டுவது போலச் சின்ன அசைவு தெரியும். அப்போது இழுத்துவிடாதீர்கள். நூல் சீராக நகர ஆரம்பித்ததும் ஒரே இழுப்பாக இழுத்து, தொய்வு விடாமல் சுற்றுங்கள். இங்கே கடல் ஏறி வற்றும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவுதான். ஆனாலும் அந்தச் சிறு அசைவு மீன்களை நடமாட வைக்கும். சுபஹுக்குப் பின்னும் அஸருக்குப் பின்னும் வெயிலும் குறைவு, மீனும் அதிகம்.

கவனிக்க வேண்டியவை

கெளிறின் முதுகிலும் இரு பக்கமும் உள்ள முட்கள் நஞ்சுள்ளவை. வெறுங்கையால் பிடிக்க விடாதீர்கள். குறடு ஒன்று கொண்டுபோங்கள். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருந்தால் வலி தணியும். குத்தாத கையால் முதலில் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது அவசியம். வயிறு ஊதும் பேத்தை மீன் அகப்பட்டால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது; உயிரையே எடுத்துவிடும்.

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று மழைக்காலம். அப்போது களப்பு நிரம்பி, கடலுக்குப் போகும் தண்ணீர் வேகமாக இழுக்கும். அந்த மாதங்களில் முகத்துவாரப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். சித்திரைக்குப் பின் புரட்டாதி வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். எந்தக் காலமானாலும், நிலம் கடுமையாக அதிர்ந்தாலோ கடல் திடீரென உள்வாங்கினாலோ, தூண்டிலைப் போட்டுவிட்டு மேட்டு நிலத்துக்கு ஓட வேண்டும். இதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை அல்ல, ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள்.

ஹலாலும் அமானிதமும்

கடலில் வேட்டையாடுவதும் அதன் உணவும் நமக்கு ஆகுமாக்கப்பட்டதை ஸூரா அல்மாயிதாவின் 96ஆம் வசனம் சொல்கிறது. மீனுக்கு அறுப்புக் கிடையாது. ஆனால் ஹலால் என்பது அள்ளிக்கொண்டு போவதற்கான அனுமதி அல்ல. விரலளவு குஞ்சு அகப்பட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுங்கள். அடுத்த வருடம் அதுவே ஒரு வீட்டுக்கு ஆணமாகும்.

திருகோணமலைக் கடலை நெடுங்காலமாக வருத்தும் நோய் ஒன்று உண்டு. வெடி போட்டு மீன் பிடிப்பது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் அதைத் தடைசெய்கிறது. ஒரு வெடி பெரிய மீனோடு குஞ்சையும், அவை ஒதுங்கும் பவளப்பாறையையும் சேர்த்து அழிக்கிறது. தூண்டில் அப்படியல்ல, ஒரு முள், ஒரு மீன். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவில் தூண்டிலும் கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

அறுந்த தங்கூசியைக் கரையில் விட்டுவராதீர்கள். அது மக்காமல் பல காலம் கிடந்து பறவையின் காலையும் ஆமையின் கழுத்தையும் இறுக்கும். இந்தத் தண்ணீரை நம்பி அடுப்பு மூட்டும் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. கரையில் வலை காயவைக்கும் அண்ணன்மாரிடம், “இதில் தூண்டில் போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இடத்தையும் அவர்களே காட்டித் தருவார்கள்.

தூரத்திலிருந்து வருவோர் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழும் சலுகையைப் பயன்படுத்தலாம். மீனுக்காகத் தொழுகையைத் தவறவிட வேண்டியதில்லை. நான்கு கிழக்கன் கிடைத்தால் போதும். செதிலைச் சுரண்டி, மஞ்சளும் உப்பும் தடவி, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலையோடு தேங்காய்ப்பாலில் ஒரு பாலாணம் காய்ச்சுங்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. ரிஸ்க் அல்லாஹ்வின் கையில் என்பதை வாயால் சொல்லிக்கொடுப்பது எளிது. நூலை விரலில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் பிள்ளைக்கு அது கையாலேயே விளங்கும்.