புன்னைக்குடா வீதியில் நாயோடு

நாயோடு நடக்கத் தோதான இடம் எது என்று பெருநகரக்காரர் ஒருவரைக் கேட்டால், ஒரு பூங்காவின் பெயரைச் சொல்வார். நாய் வரலாமா, சங்கிலி வேண்டுமா, எத்தனை மணிவரை என்பதெல்லாம் அதன் வாசல் பலகையிலேயே எழுதியிருக்கும். மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலை வீதியில் வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீற்றரில் இருக்கும் ஏறாவூரில் அப்படியான பலகைக்கு இடமில்லை. ஆனால் கிழக்கே போனால் புன்னைக்குடாக் கடல். மேற்கே வாவி. செங்கலடியைத் தாண்டி பதுளை வீதியில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளாமை. கொழும்பில் மாடி வீட்டில் நாய் வளர்ப்பவர் இந்த மூன்றில் ஒன்றுக்கே ஏங்குவார். அப்படியிருந்தும், முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் என்பதால் நாயோடு நடக்க ஏறாவூர் சரிவராது என்று தமிழர்களும் சொல்கிறார்கள், முஸ்லிம்களும் சொல்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. நேரத்தைச் சரியாகத் தேர்ந்து, சங்கிலியைக் கையில் பிடித்து, நாயை உலர்ந்த உடம்போடு திருப்பிக் கூட்டிவரத் தெரிந்தவருக்கு இது நல்ல நடை ஊர்.

நேரத்தில்தான் சிக்கலே தொடங்குகிறது. மனிதரைப் போல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் மூச்சிரைத்தே சூட்டைத் தணிக்கிறது. வைகாசி, ஆனியில் கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் காலை ஒன்பது மணிக்கே தார் வீதி கொதிக்கும். புறங்கையைத் தாரில் வைத்துப் பாருங்கள். ஐந்தாறு விநாடி தாங்க முடியவில்லையென்றால் நாயின் பாதத்துக்கும் தாங்காது. ஆக, நாய்க்கு ஏற்ற பொழுது விடியலும் அந்தியும்தான். ஆனால் சுபஹ் தொழுகைக்கும் மஃரிபுக்கும் தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்த ஈரம் காயாமல் ஆண்கள் பள்ளிவாசலுக்கு நடந்து போவதும் அதே பொழுதுகளில்தான். ஒழுங்கைகள் ஒடுக்கமானவை. இருபக்கமும் மதில். எதிரே நாய் வந்தால் ஒதுங்கி நிற்க இடமில்லை. நாய்க்கும் தொழப்போகிறவருக்கும் ஊர் ஒரே ஒழுங்கையை ஒரே நேரத்தில் கொடுத்திருக்கிறது என்பதுதான் விஷயம். இதை மதப் பிரச்சினையாகப் பேசுவதைவிட நேர அட்டவணைப் பிரச்சினையாகப் பார்ப்பது பயன் தரும். இந்த ஊரில் சூரிய உதயம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டியே இருக்கிறது. சுபஹ் முடிந்து ஆட்கள் வீடு திரும்பிய பிறகு, வெயில் ஏறுமுன், ஒரு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி இருக்கிறது. மாலையில் அசருக்குப் பின் புறப்பட்டு, மஃரிப் பாங்குக்கு முன் வளவுக்குள் வந்துவிடலாம். நோன்பு மாதத்தில் மட்டும் இந்தக் கணக்கு மாறும். மாலையில் தொடங்கும் வீதி நடமாட்டம் தராவீஹ் என்ற இரவுத் தொழுகை முடிந்தும் ஓயாது என்பதால் அந்த மாதத்தில் காலை நடையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மார்க்கம் என்ன சொல்கிறது என்பதையும் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பாதிப் பேச்சு அரைகுறை அறிவில்தான் நடக்கிறது. இலங்கை முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் ஷாஃபிஈ மத்ஹபை, அதாவது அந்தச் சட்ட நெறியைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி நாயின் எச்சிலோ ஈரமோ பட்ட இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரால். நாயும் தொட்ட இடமும் இரண்டும் உலர்ந்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. மாலிகி மத்ஹபோ நாயை அசுத்தமாகக் கருதுவதே இல்லை. குர்ஆனின் 18ஆம் அத்தியாயத்தில் வரும் குகைவாசிகளோடு ஒரு நாயும் இருக்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தி ஹதீஸில் உண்டு. வேட்டைக்கும் மந்தைக்கும் பயிர்க் காவலுக்கும் நாய் வைத்திருக்க அனுமதியும் உண்டு. இதிலிருந்து நடப்பவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றே ஒன்று, அதுவும் மிக நடைமுறையானது: ஈரம்தான் பிரச்சினை. கடலில் குளித்த நாய் ஒழுங்கைக்குள் வந்து உடம்பை உதறினால் மூன்று பேருடைய உடுப்பு கெடும், அவர்களுடைய தொழுகை பிந்தும். அந்தக் கோபம் நியாயமானது. ஆகவே புன்னைக்குடாவில் நாயைத் தண்ணீரில் இறக்குவதானால் ஒரு பழந்துணியும் அரை மணி நேரமும் கையில் வேண்டும். துவட்டி, காற்றில் நன்றாகக் காயவிட்டு, பிறகுதான் ஊருக்குள் திரும்ப வேண்டும்.

இன்னொருவரின் மத நியமத்துக்காக என் நாயின் நடையை நான் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பொது வீதி எல்லோருக்கும் பொது என்பது அவர்களுடைய வாதம். பொது என்பதால்தான் மாற்ற வேண்டியிருக்கிறது. லண்டனின் ரிச்மண்ட் பூங்காவில் மான்கள் குட்டி போடும் மே முதல் ஜூலை வரையான மாதங்களில் நாயைக் கயிற்றில்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே மானுக்காக விட்டுக்கொடுப்பதை யாரும் தோல்வியாக நினைப்பதில்லை. தமிழர் வீடுகளிலும் சாமியறைக்குள்ளும் குசினிக்குள்ளும் நாயை விடுவதில்லை. அந்த எல்லையை மதித்து வாழ்கிறவர் இந்த எல்லையை மதிப்பதில் என்ன குறைந்துவிடும்? இதற்கு மேல் இந்த மண்ணுக்கு ஒரு காரணமும் உண்டு. 1990 ஆகஸ்டில் ஏறாவூரில் நூற்றுக்கும் அதிகமான முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே மட்டக்களப்புப் பக்கம் உள்ள சத்துருக்கொண்டானில் நூற்றுக்கும் அதிகமான தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒருவருடைய ஊர் எங்கே முடிகிறது, மற்றவருடையது எங்கே தொடங்குகிறது என்பது அன்றைய தலைமுறைக்கு இன்றும் மறக்கவில்லை. ஒரு செங்கலடித் தமிழர் சங்கிலியில் நாயோடு, நேரம் பார்த்து, ஒதுங்கி, சலாம் சொல்லி ஏறாவூர் வழியாகக் கடலுக்குப் போய்வருவது சின்னக் காரியம்தான். ஆனாலும் நாள்தோறும் நடக்கிற சின்னக் காரியங்களில்தான் எனக்கு நம்பிக்கை.

மூன்று நடைகளில் கடல் நடைதான் சிறந்தது. ஏறாவூர்ச் சந்தியிலிருந்து புன்னைக்குடா வீதி நேரே கிழக்கே போகிறது. கடைகள் குறைந்து, வளவுகள் அகன்று, தென்னையும் மணலும் வந்துவிடும். கரைக்கு வந்ததும் தெற்கே சவுக்கடிப் பக்கம் திரும்பினால் ஆளரவம் குறைவு. ஈர மணல் கெட்டியாக இருப்பதால் வயதான நாய்க்கும் மூட்டு நோகாது. ஆனால் கரைவலைக்காரர் வலையிழுக்கும் இடத்தில் சங்கிலியைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும். காயப்போட்ட வலையை நாய் மிதித்தாலோ கடித்தாலோ அது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு. நாய்க்கும் அங்கே ஆபத்து உண்டு. வலையில் வந்த மீனைப் பிரிக்கும்போது பேத்தை மீனை மணலிலே எறிந்துவிடுவார்கள். பந்து மாதிரி உப்பி, வெள்ளை வயிறு மேலே தெரிய, சின்ன வாயில் பல்லை இளித்துக்கொண்டு அது கிடக்கும். நாய்க்கு அது விளையாட்டுச் சாமான். அதன் ஈரலிலும் தோலிலும் இருக்கும் நஞ்சு தசைகளை முடக்கி மூச்சை நிறுத்திவிடும். அதற்கு முறிமருந்து கிடையாது. ஒரு நாயை ஆறடிச் சங்கிலியில் வைத்திருப்பதற்கு இந்த ஒரு மீனே போதுமான நியாயம். கடல்நீரைக் குடிக்கவிடுவதும் கூடாது. வாந்தியும் கழிச்சலும் வந்து, வெயிலில் நாய் சோர்ந்து விழும்.

வாவிக்கரை பார்வைக்கு அழகு. 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அந்த நீர்ப்பரப்பின் வடபாகத்தில்தான் ஏறாவூர் இருக்கிறது. கண்டலும் கொக்கும் தோணியுமாக மாலையில் மனசு நிறையும். ஆனால் நாயை அங்கே தண்ணீருக்குக் கிட்டவே விடாதீர்கள். மட்டக்களப்பு வாவியில் முதலை உண்டு. கரையில் நின்று நக்கிக் குடிக்கும் நாய் அதற்கு இலேசான இரை. வயல் நடையை அறுவடைக்குப் பிந்திய காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வெள்ளாமை நிற்கும்போது வரம்பில் எலி இருக்கும், எலிக்குப் பின்னால் புடையன் வரும். நாய் மூக்கை நீட்டித்தான் எதையும் தெரிந்துகொள்கிறது, கடியும் மூக்கிலேயே விழுகிறது. மருந்தடித்த வயலின் வாய்க்கால் தண்ணீரும் ஆகாது. இன்னும் மேற்கே கரடியனாறு, உன்னிச்சை, குடும்பிமலை என்று மலைநடை ஆசை இழுத்தால் நாயை வீட்டில் விட்டுப் போங்கள். அது யானைக் காடு. யானையைக் கண்டு குரைக்கிற நாய், யானை திரும்பியதும் எசமானின் காலடிக்கே ஓடிவரும், யானையும் கூடவே வரும்.

எங்கள் ஊர் நாய் தானே போய்த் தானே வரும், அதைச் சங்கிலி கட்டி நடத்துவது கொழும்பு நாகரிகம் என்ற எதிர்ப்பும் உண்டு. இதைத்தான் நான் மிகக் கடுமையாக மறுக்கிறேன். படலை திறந்ததும் ஓடிப்போகிற நாய் நெடுஞ்சாலையில் பஸ்ஸுக்கு அடிபடுகிறது, கட்டாக்காலிகளோடு சண்டை போடுகிறது, குட்டிகளைப் பெருக்குகிறது, விசரை வாங்கிவருகிறது. 1973இல் இலங்கையில் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது இருபது முப்பது அளவுக்கு இறங்கியிருக்கிறது. நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதும், கடிபட்டவருக்கு அரச ஆஸ்பத்திரியில் இலவசமாக ஊசி கிடைத்ததும் அதற்குக் காரணம். கட்டாக்காலிகளைக் கொல்லும் வழக்கத்தை அரசாங்கம் 2006இல் நிறுத்தியபின் பொறுப்பு முழுவதும் தடுப்பூசியின் மேலும் வளர்ப்பவரின் மேலும் விழுந்துவிட்டது. நாய்ப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் 1901லிருந்தே நம்மிடம் இருக்கிறது. சங்கிலியில் நடக்கும் நாய்க்கு ஒரு பெயரும் ஒரு ஆளும் உண்டு என்பதை வீதி கண்ணால் காண்கிறது. மதிலோடு ஒட்டிக்கொண்டு பயந்து நிற்கும் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

சங்கிலி நாயைக் கண்டால் கட்டாக்காலிகள் பாயும் என்பது மட்டும் உண்மையான சங்கடம். அவற்றுக்கு எல்லை உண்டு. ஒரு வெதுப்பகத்தடியிலிருந்து அடுத்த சந்திவரை ஒரு கூட்டம், அதற்கப்பால் இன்னொன்று. ஒரே வழியில் ஒரே நேரத்தில் போய்வந்தால் அவை பழகிவிடும். ஓடக்கூடாது. உங்கள் நாயைத் தூக்கிப் பிடிக்கவும் கூடாது, பாய்வது உங்கள் மேல் விழும். கையில் ஒரு தடி இருக்கட்டும். அடிக்க வேண்டியதில்லை, நிலத்தில் தட்டினாலே பெரும்பாலும் போதும்.

ஏறாவூர் நகர சபையிடமும் ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையிடமும் நாய்ப் பூங்கா கேட்க வேண்டியதில்லை. புன்னைக்குடா வீதி கடலைத் தொடும் இடத்தில் ஒரு நல்ல தண்ணீர்க் குழாய் வேண்டும். வலையிழுத்து வருகிறவர் கை கால் கழுவுவார். நாய் உப்பைக் கழுவிக்கொண்டு நல்ல தண்ணீர் குடிக்கும். நாயின் ஈரம் தவறிப் பட்டுவிட்டவர் அங்கேயே மண்ணும் தண்ணீரும் எடுத்து ஏழு தடவை கழுவிக்கொண்டு நேரத்துக்குத் தொழுகைக்குப் போகலாம். வருடாந்தத் தடுப்பூசி முகாமையும் சுகாதாரப் பகுதியினர் அந்தக் குழாயடியிலேயே ஒரு காலை வைக்கலாம்.