முப்பத்து மூன்று நிமிடங்களும் ஓர் ஏலச்சீட்டும்

என் மனைவி செவிலியர். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை. மாதத்தில் பத்து நாளாவது இரவுப் பணி இருக்கும். விண்வெளிக் கதை என்றாலே அவளுக்கு ஆகாது. "ராக்கெட்டு, ரப்பர் மூஞ்சி, வாயில நுழையாத பேரு. இதப் பாக்குற நேரத்துக்கு நாலு துணி மடிச்சு வைக்கலாம்" என்பாள். நானோ அறிவியல் புனைவுத் தொடர் எது வந்தாலும் விடாமல் பார்க்கிறவன். 'த எக்ஸ்பான்ஸ்' தொடரை அவளோடு சேர்ந்து பார்க்க இரண்டு முறை முயன்றேன். பூமி, செவ்வாய், சிறுகோள் பட்டை என்று மூன்று தரப்பு அரசியலும் முதல் பகுதியிலேயே வந்து விழும். "இதுக்கு நோட்ஸ் எடுக்கணும் போலருக்கே" என்று எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. களைத்து வந்த ஒருவரிடம் முதல் மணி நேரத்திலேயே இவ்வளவு கேட்பது அதிகம்தான்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் காலை இரவுப் பணி முடித்து வந்து, தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் தொலைக்காட்சி முன் நின்றுவிட்டாள். நான் 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வை இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபதுகளில் வந்த பழைய தொடரை 2003ல் குறுந்தொடராக மறுஆக்கம் செய்து, பிறகு முழுத்தொடராக நீட்டினார்கள். அந்த முழுத்தொடரின் முதல் பகுதிக்குப் பெயர் '33'. மனிதர்கள் செய்த இயந்திரங்களே மனித குலத்தை அழித்துவிட்டன. மிஞ்சியவர்கள் சுமார் ஐம்பதாயிரம் பேர், விண்கலக் கூட்டமாகத் தப்பி ஓடுகிறார்கள். எங்கே தாவி ஒளிந்தாலும் சரியாக 33 நிமிடத்தில் எதிரி வந்து நிற்கிறான். மறுபடி தாவ வேண்டும். மறுபடி 33 நிமிடம். ஐந்து நாளாக யாரும் தூங்கவில்லை.

"அந்தாளு கண்ணப் பாருங்க. தொடர்ந்து மூணாவது நைட்டுல எங்க மூஞ்சி இப்படித்தான் இருக்கும்" என்றாள். கதை என்னவென்று கேட்டாள். இரண்டு வாக்கியத்தில் சொன்னேன். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் தேவைப்படவில்லை. அந்தக் கதையில் ஜனாதிபதி உயிரோடிருப்பவர்களின் எண்ணிக்கையை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருப்பார். அது குறைந்துகொண்டே போகும். பகுதியின் முடிவில் ஒரு குழந்தை பிறந்த செய்தி வருகிறது. அவர் எழுந்து போய் எண்ணில் ஒன்றைக் கூட்டி எழுதுகிறார். என் மனைவி அப்போதுதான் பையை இறக்கினாள். "எங்க வார்டுலயும் போர்டு இருக்கு. யார் கூட்டுறா, யார் குறைக்கிறாங்கிறதுதான் வித்தியாசம்."

இப்படிப்பட்ட தொடர்கள் ஏன் சிலரைப் பிடித்துக்கொள்கின்றன, ஏன் பலரை விரட்டுகின்றன என்று அன்றிலிருந்து யோசித்து வருகிறேன். செலவும் பிரம்மாண்டமும் காரணமில்லை. 'ஸ்டார் ட்ரெக்'கில் ஆட்களை ஒளிக்கற்றையாக்கிக் கிரகத்துக்கு அனுப்பும் கருவி வந்ததே, வாரா வாரம் கப்பலைத் தரையிறக்கிக் காட்டக் கட்டுப்படியாகாது என்பதால்தான். 'டாக்டர் ஹூ'வில் 1966ல் நாயக நடிகருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனபோது, அந்தப் பாத்திரம் புதிய உடலெடுக்கும் என்று ஒரு விதியையே உண்டாக்கினார்கள். இன்றுவரை அந்தத் தொடர் பிழைத்திருப்பது அந்த விதியால்தான். மலிவான அரங்கத்தைப் பார்வையாளர் மன்னித்துவிடுவார். அவர் கேட்பது, விதி ஒன்றைச் சொன்னால் அதில் நிற்க வேண்டும், அந்த விதிக்குள் யாராவது ஒருவர் தவிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் இது பாதிதான். மீதிப் பாதியை எனக்கு விளங்கவைத்தது என் அம்மா கட்டிய ஏலச்சீட்டு.

தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒருவர் சீட்டுப் பிடித்தார். பெயர் வேண்டாம். மாதம் ஐந்நூறு, இருபது பேர், இருபது மாதம். அவசரக்காரர்கள் முன்னாடியே தள்ளி எடுத்துக்கொள்வார்கள். அம்மா கடைசிச் சீட்டுதான் எடுப்பாள். அக்கா கல்யாணத்துக்கு அது. பதினாலாவது மாதம் அவர் வீட்டில் பூட்டு தொங்கியது. போன பணத்தைவிட அம்மா அதிகம் வருந்தியது வேறொன்றுக்காக. "பதினாலு மாசம் அந்தாள நம்பிட்டேனே."

பழைய தொலைக்காட்சித் தொடர்கள் பெரும்பாலும் ரொக்க வியாபாரம். அன்றைக்குக் கதை, அன்றைக்கே முடிவு. 'ஸ்டார் ட்ரெக்' 1966 முதல் 1969 வரை மூன்று பருவம், 79 பகுதிகள் ஓடி, போதிய பார்வையாளர் இல்லையென்று நிறுத்தப்பட்டது. எழுபதுகளில் உள்ளூர் நிலையங்கள் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பியபோதுதான் பெரும்புகழ் பெற்றது. எந்தப் பகுதியில் வேண்டுமானாலும் நுழையலாம், கையில் கணக்குப் புத்தகம் வேண்டாம். அது முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

இன்றைய தொடர்கள் சீட்டு. மர்மத்தை இப்போது கட்டு, விடையைப் பிறகு எடுத்துக்கொள் என்கிறார்கள். 'லாஸ்ட்' 2004 முதல் 2010 வரை அப்படித்தான் பிடித்தது. கடைசிச் சீட்டு வந்தபோது, எடுத்த தொகை போதவில்லை என்று பாதிப்பேர் இன்னும் சண்டை போடுகிறார்கள். சில இடங்களில் சீட்டுப் பிடிப்பவர் யோக்கியர், இடம் கொடுத்தவர் சரியில்லை. 2002ல் 'ஃபயர்ஃப்ளை' தொடருக்கு நடந்தது அதுதான். பாத்திரங்களையும் உலகத்தையும் அறிமுகப்படுத்தும் இரண்டு மணி நேர முதல் பகுதியை அலைவரிசை டிசம்பரில், ஆகக் கடைசியாக ஒளிபரப்பியது. எடுத்த 14 பகுதிகளில் 11 மட்டுமே அப்போது வந்தன. முதல் தவணை எதற்கென்றே தெரியாதவனிடம் இரண்டாம் தவணை கேட்டால் அவன் ஏன் கட்டுவான்?

'பேட்டில்ஸ்டா'ரும் உத்தமமில்லை. எதிரிகளிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று தொடக்க அட்டையில் பலகாலம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்தத் திட்டம் கடைசிவரை எனக்குத் தெளிவாகவில்லை. ஆனாலும் எனக்குக் கோபம் வரவில்லை. ஏலச்சீட்டில் தள்ளிய தொகையை மாதாமாதம் எல்லாருக்கும் பிரித்துக் கழிப்பார்களே, அதுபோல '33' மாதிரியான பகுதிகள் அவ்வப்போது என் கையில் ஏதோ கொடுத்துக்கொண்டே இருந்தன.

அதற்குப் பிறகு மனைவி என்னோடு உட்கார ஆரம்பித்தாள். ஜெர்மானியத் தொடரான 'டார்க்'கின் மூன்று பருவத்தையும் பார்த்தோம். யார் யாருக்கு அப்பன் என்று உறவுமுறையை எனக்கே விளக்கினாள். 2022 நவம்பரில் அதே படைப்பாளிகளின் '1899' வந்தது. ஐரோப்பாவிலிருந்து நியூயார்க் போகும் கப்பல், ஆளுக்கொரு மொழி, ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. எட்டுப் பகுதிகள், கடைசிக் காட்சியில் எல்லாம் தலைகீழாகும். மூன்று பருவம் என்று கணக்குப்போட்டுத் தொடங்கிய கதை. 2023 ஜனவரியில் அடுத்த பருவம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

செய்தியை அவளிடம் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருந்தது. தூக்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தவள். "இனிமே முடிஞ்சத மட்டும் சொல்லுங்க" என்றாள். கோபமாக்கூடச் சொல்லவில்லை. அம்மா அன்றைக்குப் பேசிய அதே குரல்.

அந்த விதியை இரண்டு வருடம் கடைப்பிடித்தோம். புதிதாக எது வந்தாலும் "முடிஞ்சதா?" என்பாள். இல்லையென்றால் கிடையாது. எனக்கு அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. பிறகு மெல்ல ஒன்று உறைத்தது. இந்த நிறுவனங்கள் வெளியான முதல் சில வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதைத்தான் உன்னிப்பாகக் கவனிக்கின்றன. எங்களைப் போல எல்லாரும் "முடியட்டும், பார்க்கலாம்" என்று ஒதுங்கினால், எந்தத் தொடரும் முடியும்வரை உயிரோடிருக்காது. ஏமாந்தவர்கள் ஆள் சேராததால் நல்ல சீட்டும் உடைந்துபோவது போல. தெருவில் அடுத்ததாகச் சீட்டுப் பிடித்த தையல்கார அக்காவுக்கும் அதுதான் நடந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனால் அம்மா உட்பட யாரும் சேரவில்லை.

போன மாதம் 'செவரன்ஸ்' பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் இருக்கும்போது வீட்டு நினைவு இருக்காது, வீட்டுக்கு வந்தால் அலுவலகத்தில் நடந்தது எதுவும் நினைவிருக்காது, மூளையில் அப்படி ஓர் அறுவை செய்துகொண்டவர்களின் கதை. 2022ல் முதல் பருவம், ஏறக்குறைய மூன்று வருடம் காக்கவைத்து 2025ல் இரண்டாவது. கதை முடியவில்லை என்பதையும் சொன்னேன்.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. முந்தின இரவு வார்டில் ஒரு சின்னப் பையன் இறந்திருந்தான். காலையில் வந்து குளித்துவிட்டு, எங்கள் மகனுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுக்கு வந்தா அங்க நடந்தது எதுவுமே ஞாபகம் இருக்காதா?"

"இருக்காது."

"அப்ப அங்க இருக்குறவளுக்கு வீடே கிடையாதா? ராத்திரி பகலா வார்டுதானா?"

அந்தத் தொடர் இரண்டு பருவமாகக் கேட்கும் கேள்வியை அவள் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிட்டாள். தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "சாயங்காலம் போடுங்க" என்றாள்.

இது முழுசாகக் கைக்கு வருமா தெரியாது. ஆனால் கட்டிக்கொண்டிருக்கிறோம்.