காய்க்காத தோட்டத்தின் சம்பளம்

பொறியியல் படித்துச் சென்னையில் இரண்டு ஆண்டுகள் வேலை பார்த்திருந்த என் மகள், 2024 டிசம்பரில் விடுமுறைக்குப் போடிநாயக்கனூர் வந்தபோது இரண்டு கடிதங்களை என்முன் வைத்தாள். ஒன்று, பல நாடுகளில் கிளை பரப்பிய ஒரு பெரிய கணினி நிறுவனத்தினுடையது. மாதச் சம்பளம் ஓர் இலட்சம் ரூபாய். மற்றொன்று, தொடங்கி ஓராண்டே ஆன, ஒன்பது பேர் மட்டுமே பணிபுரியும் சிறு நிறுவனத்தினுடையது. சம்பளம் அறுபதாயிரம், அத்துடன் நிறுவனத்தின் பங்குகளில் கால் சதவீதம்.

“அப்பா, இரண்டாவதற்குப் போகலாமென்று நினைக்கிறேன்” என்றாள்.

எனக்குச் சினம் பொங்கியது. அவளுடைய கல்விக் கடன் முடியவில்லை. அவள் தாயின் நகைகள் இன்னும் அடகில் இருந்தன. ஆனால் என் சினத்தின் வேர் அவற்றிலும் பழையது.

என் தந்தையார் ஏல மலையில் ஒரு பெரிய தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். 1980 இல், புதிதாக நிலம் திருத்தி ஏலம் நட்ட ஒருவர் அவரை அழைத்தார். “இப்போது பாதிச் சம்பளந்தான் தர இயலும், காய்க்கத் தொடங்கியதும் விளைச்சலில் உமக்கும் ஒரு பங்கு” என்றார். அவர் கஞ்சர் அல்லர். ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்கும். அதுவரை களையெடுப்பு, உரம், மருந்து, கூலி என்று செலவு உண்டு, வரவு இல்லை. கைமுதலை முதல் காய் வரும்வரை நீட்டியாக வேண்டும். பெரிய தோட்டத்துக்கோ ஆண்டுதோறும் காய் வந்துகொண்டிருந்தது. ஆகவே அது முழுச் சம்பளம் கொடுத்தது.

தந்தையார் நம்பிப் போனார். 1983 இல் கடும் வறட்சி. மலைச் சரிவில் ஏலச் செடிகள் கருகின. முதலாளி தோட்டத்தை விற்றுவிட்டுத் தம் ஊருக்குப் போனார். வாங்கியவருக்கு வாய்மொழியாகச் சொல்லப்பட்ட பங்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவ்வாண்டு நான் பள்ளியை விட்டுவிட்டுக் கூலி வேலைக்கு ஜீப்பில் மலையேறினேன்.

இதையெல்லாம் சொல்லித் தீர்த்தேன். மகள் பொறுமையாகக் கேட்டாள். “தாத்தா போனது தவறில்லை, அப்பா. கணக்குக் கேட்காமல் போனதும், எழுதி வாங்காமல் போனதுந்தான் தவறு” என்று கூறி, ஒரு தாளை எடுத்தாள்.

பெரிய நிறுவனத்தின் பொருளைக் கோடிக்கணக்கானோர் ஏற்கெனவே பயன்படுத்துகிறார்கள். அங்கே ஒரு பொறியாளர் செய்யும் சிறு திருத்தமும் அத்தனை பேரிடத்தும் பெருகிப் பெரும் வருவாயாகிறது. தேர்ந்த பொறியாளரைப் பறித்துக்கொள்ளப் பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டியிடுவதாலும் சம்பளம் ஏறுகிறது. சிறு நிறுவனமோ காய்க்காத தோட்டம். முதலீட்டாளர் தந்த பணம் எத்தனை மாதம் தாங்கும் என்பதே அதன் ஆயுள். சம்பளத்தில் கூட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் அந்த ஆயுளைக் குறைக்கிறது. ஆகவே அது குறைந்த சம்பளத்தோடு பங்கைத் தருகிறது.

அந்தப் பங்கு பலித்ததும் உண்டு. 2010 இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் நிறுவனம், 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் நுழைந்தது. அதன் ஊழியர்களில் ஐந்நூறு பேருக்கு மேல் கோடீசுவரர் ஆனதாக அவரே அறிவித்தார். ஆனால் அப்படிப் பலிப்பவை சில. மூடப்பட்டு, பங்குகள் வெறுங்காகிதமாய்ப் போனவை மிகப் பல. விலை ஏறுவதும் இறங்குவதும் நம் ஊருக்குப் புதிதன்று. 2019 இல் ஏலத்தில் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை தொட்ட ஏலக்காய், சில ஆண்டுகளுக்குள் ஆயிரத்துக்கும் கீழே விழவில்லையா?

மகள் மேலும் கணக்கிட்டாள். மாதம் 40,000 ரூபாய் குறைவு என்றால் நான்கு ஆண்டுகளில் 19,20,000 ரூபாய். அது அவள் அந்த நிறுவனத்தில் போடும் முதல். கால் சதவீதத்தால் அது திரும்ப வேண்டுமானால், நிறுவனம் ஏறத்தாழ 77 கோடி ரூபாய் பெற வேண்டும். புதிய முதலீட்டாளருக்குப் பங்குகள் வெளியிடப்படும்போது அவளுடைய கால் சதவீதமும் சுருங்கும். அப்போது 77 கோடியும் போதாது. ஓராண்டு முடியுமுன் விலகினால் பங்கு ஒன்றுமில்லை; நான்கு ஆண்டு இருந்தால்தான் முழுப் பங்கு. பங்கைக் கைக்கொள்ளும்போது, விற்றுக் காசாக்கும் முன்னரே வருமான வரி கட்ட நேரிடலாம்.

குறைந்த சம்பளம் வாங்குபவர் வெறும் ஊழியர் அல்லர், முதல் போட்டவரும் ஆவார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது. முதல் போடுபவர் கேள்வி கேட்க வேண்டாமா? மறுநாள் அவள் அந்நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேட்டாள். கையிருப்பு எத்தனை மாதம் வரும்? பதினான்கு மாதம். பங்கை எழுத்தில் தருவீர்களா? தருவோம். இன்று அதன் மதிப்பு என்ன? “இன்று வாங்க ஆளில்லை, காசுக் கணக்கில் ஒன்றுமில்லை” என்றார் அவர். அந்த மூன்றாவது பதில்தான் என் மனத்தை இளக்கியது. என் தந்தையாரிடம் எவரும் அப்படிச் சொல்லவில்லை.

பிறகு வீட்டுக் கணக்கைப் பார்த்தோம். அறுபதாயிரத்தில் சென்னைச் செலவும் கடன் தவணையும் அடங்கும். நகைகளை மீட்பதுதான் தள்ளிப்போகும். அதுவரை வாய் திறவாதிருந்த என் மனைவி, “நகை ஓராண்டு பொறுக்கும்” என்றாள். தவணை அடங்காதிருந்தால் பெரிய நிறுவனத்துக்கே போயிருப்பேன் என்று மகளும் சொன்னாள். பெற்றோராகிய நாம் பிள்ளைகளின் துணிவை முதலிலேயே தடுப்பதைவிட, அருகில் அமர்ந்து இந்தக் கணக்கைப் போடுவது நல்லது.

அவள் சேர்ந்துவிட்டாள். பங்குக் கடிதத்தின் நகல் ஒன்றைத் தந்தையாரின் பழைய கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். காய்க்குமா என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது. ஆயினும், இம்முறை அது எழுத்தில் இருக்கிறது.