ஊசி படைத்த உயிர்

விசாகப்பட்டினத்திலிருந்து கடற்கரைச் சாலை வழியாக வடக்கே சென்றால் பீமிலி என்னும் ஊர் வரும். கோஸ்தனி ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. நம் சங்கத்து நண்பர்கள் அங்கே காற்று வாங்கப் போவார்கள்; நான் சேறு வாங்கப் போவேன். சென்ற ஆண்டு ஒரு நாள் காலை, நீர் வடிந்த மணலில் நான் குழாயைச் செருகிக்கொண்டிருந்தேன். வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "என்ன பாபு, நண்டா?" என்று தெலுங்கில் கேட்டார். "புழு" என்றேன். தூண்டிலுக்கு என்று நினைத்துக்கொண்டார் போலும். "இங்கே பெரியது கிடைக்காதே!" என்று பரிவோடு சொன்னார்.

அவர் சொன்னது முற்றும் உண்மை. நான் தேடியது ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள நூற்புழு. பிற உயிர்களின் உடலில் ஒட்டி வாழாமல், மணல் துகள்களுக்கிடையே தானே இரை தேடி வாழ்வது. மணலைப் பார்மலினில் இட்டு, ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றி, நுண்ணிய சல்லடையில் அலசினால் சிவந்த நூலிழைகளாகத் தெரியும். அவற்றை ஊசிமுனையால் ஒவ்வொன்றாக எடுத்து, கிளிசரினில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் பதிக்க வேண்டும்.

பிறகு அளவெடுத்தல். டச்சு அறிஞர் தெ மான் 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த முறையையே இன்றும் கையாளுகிறோம். உடலின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் ஓர் எண். உணவுக்குழலின் நீளத்தால் வகுத்தால் மற்றோர் எண். வாலின் நீளத்தால் வகுத்தால் மூன்றாவது எண். இவற்றோடு தலையின் இரு பக்கங்களிலும் உள்ள உணர்வுக் குழிகளின் வடிவம், தலைமயிர்களின் வரிசை, ஆணின் புணர்முட்கள் ஆகியவற்றையும் ஒப்பிட்டுத்தான் இன்ன இனம் என்று துணிய முடியும்.

அன்று இரவு என் நுண்ணோக்கியின் கீழ் ஓர் ஆண்புழு கிடந்தது. டாப்டோனீமா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. தலை பொருந்தியது, முட்கள் பொருந்தின, வால் மட்டும் பொருந்தவில்லை. மூன்றாவது எண் 8 வரவேண்டிய இடத்தில் 15 வந்தது. வால் நுனியில் இருக்க வேண்டிய நீண்ட மயிர்களையும் காணோம். ஏடுகளையெல்லாம் புரட்டினேன். இத்தகைய குட்டை வால் எந்த இனத்துக்கும் இல்லை. புதிய இனம்!

என் மேசைமீது ரிச்சர்டு டிம் என்பவரின் கட்டுரை இருந்தது. டாக்காவில் கல்லூரி ஆசிரியராக இருந்த அமெரிக்கப் பாதிரியார் அவர். வங்காள விரிகுடாவின் நூற்புழுக்களைப் பற்றி 1961-இல் எழுதியவர். 1970-ஆம் ஆண்டுப் பெரும் புயலுக்குப் பின் துயர்துடைக்கும் பணியில் இறங்கி, 1987-இல் மகசேசே விருதும் பெற்றவர். அவர் பெயருக்கு அருகே என் பெயரும் அச்சேறப் போகிறதென்று உள்ளம் துள்ளியது. உடனே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒருவரைச் சிறப்பித்துப் பெயர் சூட்டினால், அவர் பெயரோடு இலத்தீனின் ஆறாம் வேற்றுமை உருபைச் சேர்ப்பது மரபு. "அம்மா, உன் பேரைத்தான் வைக்கப் போகிறேன்" என்றேன். "ஏன்டா, புழுவுக்கா?" என்றாள் அவள். ஆனாலும் குரலில் மகிழ்ச்சி இருந்தது.

மறுநாள் பேராசிரியர் நுண்ணோக்கியில் கண் வைத்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "இந்தப் புழுவுக்கு வாலில் மூன்று சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் பசையால்தான் மணலைப் பற்றிக்கொள்கிறது. பசை வெளிவரும் துளை எங்கே?" என்றார். துளை நுனியில் இருக்க வேண்டும். நுனியே இல்லை! ஊசியால் தூக்கியபோது நானே வாலை முறித்திருக்கிறேன். புதிய இனத்தைப் படைத்தது இயற்கையன்று, என் ஊசி.

பேராசிரியர் சிரிக்கவில்லை. "அச்சிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும், தெரியுமா?" என்று கேட்டார். தகடு ஒரு காட்சியகத்தில் மூலச்சான்று என்ற பெயரோடு அமர்ந்திருக்கும். யாரோ ஒரு மாணவன் அதைத் தேடிப் போய் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றே என்று நிறுவும் வரையில் பொய் மெய்யாக உலவும். அதன் பின்னும் மறுபெயர்களின் பட்டியலில் அம்மாவின் பெயர் நின்றுகொண்டேயிருக்கும். பெயர் வைப்பது எளிது. வைத்த பெயரை அழிப்பது அரிது.

மீண்டும் பீமிலிக்குப் போனேன். இரண்டு மாதங்களில் ஐந்து ஆண்புழுக்கள் கிடைத்தன. ஐந்துக்கும் நீண்ட வால், நுனியில் மயிர். பல ஆண்டுகளுக்கு முன்பே பெயர் பெற்ற இனந்தான்.

அம்மாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நல்லதாப் போச்சு. நீயே ஒடிச்சுட்டு, அதுக்கு என் பேரை வைக்கப் பார்த்தியே!" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றைக் கண்டவுடன் புதிது என்று கூவிய என் அவசரம் நெஞ்சை உறுத்தியது. அந்தத் தகட்டில் "வால் முறிந்தது" என்று என் கையாலேயே எழுதி, கண்ணில் படும்படி மேசைமீது வைத்திருக்கிறேன்.

இப்போதும் என் குப்பியில் பெயர் தெரியாத புழு ஒன்று உண்டு. ஓர் ஆணும் இரண்டு பெண்களும் கிடைத்திருக்கின்றன. வால்கள் முழுமையாகவே உள்ளன. ஆனாலும் இம்முறை அம்மாவிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீர் வடியும் வேளையில் பீமிலிக்குப் போகிறேன். காற்று வாங்க வருகிற நண்பர்கள் ஒரு வாளி தூக்க உதவினால் நன்றியுடையேன்.