கூரைக்கும் ஒரு குறிப்பேடு

ஓடு மேலிருந்து இறங்கி வருகிறது. வாசலில் நிற்கும் சித்தாள் அம்மா அதை வாங்கி, இடது கையில் ஏந்தி, வலது கையின் விரல்கணுவால் ஒரு தட்டு தட்டுகிறார். கணீரென்று ஒலித்தால் வலப்பக்கம் அடுக்கு. மொத்தையாக ஒலித்தால் இடப்பக்கம். இடப்பக்கம் போன ஓடுகளில் ஒன்றை எடுத்து வெயிலுக்குத் திருப்பிப் பார்த்தேன். எந்தக் குறையும் தெரியவில்லை. அவர் அதை வாங்கித் தண்ணீரில் நனைத்து முந்தானையால் துடைத்தார். ஈரம் காயக் காய, ஓட்டின் குறுக்கே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு கறுப்பாகத் தங்கி நின்றது.

"சித்திரையில கல்லுமழ வுழுந்துச்சு இல்ல தம்பி, அது அடிச்ச அடி. அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. ஐப்பசியிலதான் வூட்டுக்குள்ள ஒழுவும்," என்றார்.

செஞ்சிக் கோட்டைக்குப் போகும் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், ஆனி மாதக் காலையில், பழைய ஓட்டு வீடு ஒன்றைப் பிரித்து வேய்ந்துகொண்டிருந்தார்கள். மேலே மேஸ்திரியும் அவருடைய மருமகனும். கீழே சித்தாள்களாக இரண்டு பெண்கள். ஓடு சுடத் தொடங்குவதற்குள் பாதிக் கூரையாவது முடிந்துவிட வேண்டும் என்பதால் விடியும்போதே ஏறியிருந்தார்கள்.

அவர் சொன்ன கல்மழை, அதாவது ஆலங்கட்டி, செஞ்சியில் ஆண்டுதோறும் விழும் என்றில்லை. கோடையில் நிலம் கொதித்து, பிற்பகலில் கடற்காற்று உள்ளே வந்து மோதும் நாட்களில் மேகம் பத்து கிலோமீட்டருக்கு மேலும் எழும்பும். நம் பகுதியில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரத்துக்கு மேல்தான் காற்று உறைநிலைக்கு வருகிறது. அங்கே நீர்த்துளிகள் உறைந்து கட்டியாகி, கீழே வரும் வழியில் பெரும்பாலும் கரைந்துவிடுகின்றன. கரையாமல் தப்பியவைதான் கூரையில் விழுகின்றன. இரண்டரை சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கட்டி மணிக்கு 40 முதல் 65 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும். வடஇந்தியாவில் இதன் கொடுமை வேறு அளவு: 1888 ஏப்ரல் 30 அன்று மொராதாபாத் பகுதியில் விழுந்த ஆலங்கட்டி மழையில் 240-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். செஞ்சியில் அது உயிரை எடுப்பதில்லை. ஓட்டில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறது. அந்தக் கோட்டுக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் நடுவே ஐந்தாறு மாதம் இருக்கிறது. இந்தத் தொழிலின் காலம் அதுதான்.

ஆலங்கட்டியை விட அடிக்கடி வருவது குரங்கு. மலையிலிருந்து கூட்டமாக இறங்கி ஒரு கூரையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது நாட்டு ஓடு நகர்ந்துவிடும். சீமை ஓட்டின் விளிம்பு உடையும். சிலர் ஓட்டின் மேல் முள்ளைப் பரப்புகிறார்கள். மேஸ்திரிக்கு அது பிடிக்காது. முள்ளில் சருகு சேரும், சருகு ஈரத்தைப் பிடித்துவைக்கும், அடியில் ரீப்பர் உளுத்துப்போகும் என்பது அவர் கணக்கு.

அவர் கூரையில் நடக்கும் விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெறுங்கால். கைமரம் எங்கே ஓடுகிறதோ அந்தக் கோட்டின் மேல்தான் பாதம் விழும். முதலில் மோட்டு ஓட்டை எடுத்துப் பழைய சுண்ணாம்பைத் தட்டி உதிர்த்தார். பிறகு மேலிருந்து கீழாகப் பிரித்துக்கொண்டே வந்தார். வேயும்போது தாவாரத்தில் தொடங்கி மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு வரிசையும் கீழ்வரிசையின் தலையை மூடியபடி போக வேண்டும். ஒவ்வொரு ரீப்பரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இரண்டு கூரைகள் சந்திக்கும் கூடல்வாயில் மட்டும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வந்து சேரும் இடம் அது. அங்கே தகரத்தில் ஊசி முனை அளவு துரு ஓட்டை இருந்தாலும் சுவர் முழுக்க ஊறும். கை விட்டு ஒரு பிடி சருகும் அணில் கூடும் எடுத்துப் போட்டார். "ஒழுவுறது ஒரு எடம், சொட்டுறது ஒரு எடம். சொட்டுற எடத்தப் பாத்து ஓட்ட மாத்துனா காசுதான் போவும்," என்றார்.

இந்த வீட்டில் முன்கட்டில் சீமை ஓடு, பின்கட்டில் பனங்கையின் மேல் நாட்டு ஓடு. சீமை ஓட்டை இந்த நாட்டில் பெருவாரியாகச் செய்யத் தொடங்கியது 1865-இல் மங்களூரில் பாசல் மிஷனார் நிறுவிய தொழிற்சாலை. அவர்களுடைய ஓடுகளில் அந்த ஆண்டைப் பொறிக்கும் வழக்கம் இருந்ததால், ஓடே 1865-இல் சுட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. அது தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. எப்படியாயினும் ஓட்டின் முதுகில் இருக்கும் முத்திரை ஓர் ஆவணம். உடைந்ததற்கு ஈடாக வேறு கம்பெனி ஓட்டைச் செருகினால் பள்ளமும் மேடும் பொருந்தாது, அந்த இடுக்கில் சாரல் ஏறும். அதனால்தான் பழைய வீட்டை இடிக்கும் இடத்துக்கெல்லாம் மேஸ்திரி போய் முத்திரை பார்த்து ஓடு வாங்கி வைக்கிறார். எந்த வீட்டில் எந்த முத்திரை, எந்த மூலையில் எத்தனை வருடம் முன்பு கை வைத்தது, எல்லாம் அவர் மனக்கணக்கு. மருமகனுக்கு அதில் பாதி தெரியும். அடுத்த தலைமுறையில் யாரும் ஏறவில்லை.

இங்கேதான் எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அந்தத் தெருமுனையில் நின்றாலே கோட்டையின் ராஜகிரி மலை தெரிகிறது. கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மஹாலின் கூம்புக் கூரையும் களஞ்சியத்தின் வளைவுக் கூரையும் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கின்றன. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்ற வரிசையின் பன்னிரண்டு கோட்டைகளில் ஒன்றாக, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும், யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்காக அதன் சுவரும் வாசலும் அளக்கப்பட்டன, படமெடுக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் கோட்டையடியில் இன்றும் மனிதர்கள் படுத்துறங்கும் ஓட்டுக் கூரைகளைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை.

தாள் இல்லாததன் விலை புயலில் தெரிகிறது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, செஞ்சிக்குத் தென்கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சேதமடைந்த குடிசைக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அந்த மாதிரி நாட்களில் சேதத்தைப் பார்க்கக் கிராம நிர்வாக அலுவலர் வந்து சேர்வதற்குள் வீட்டுக்காரர் தார்ப்பாயைப் போர்த்தி, உடைந்ததை அள்ளித் தெருவில் போட்டிருப்பார். குழந்தையை நனையவிட முடியுமா? ஆனால் அதன் பிறகு எது புயலில் போனது, எது முன்பே போனது என்பதற்குச் சாட்சி கிடையாது.

ஆகவே வீட்டுக்கு ஒரு நோட்டு வேண்டும் என்கிறேன். பெரிய வேலை இல்லை. கூரையின் நான்கு பக்கமும் வெளியிலிருந்து ஒரு படம், உள்ளிருந்து விட்டம், கைமரம், ரீப்பர் தெரிய ஒரு படம், ஓட்டின் முத்திரை, மரம் இன்னது, பிரித்து வேய்ந்த ஆண்டும் மாதமும், மாற்றிய ஓடுகளின் எண்ணிக்கை, ஒழுகும் இடம் உள்ளே எங்கே, அதற்கான காரணம் மேலே எங்கே. கல்மழை பெய்தால் தேதியோடு, கட்டியைப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படம். கைபேசி இல்லாத வீடு இன்று அரிது. அன்று மத்தியானம், வேலை நடந்த வீட்டுப் பெண், பள்ளியில் படிக்கும் மகளின் பழைய நோட்டில் முதல் பக்கத்தை எழுதினார். மேஸ்திரி சொல்லச் சொல்ல மகள் கூரையின் வரைபடம் போட்டாள். ஓட்டுக் கணக்கு வந்தபோது மேஸ்திரியே தடுமாறினார். இடப்பக்க அடுக்கில் எத்தனை என்பதைச் சித்தாள் அம்மாதான் சட்டென்று சொன்னார். ஒவ்வோர் ஓட்டையும் கையில் வாங்கித் தீர்ப்புச் சொன்னவர் அவர்தானே.

அவருடைய கூலி ஆண்களின் கூலியை விடக் குறைவு. நல்ல ஓட்டையும் கெட்ட ஓட்டையும் பிரித்தறியும் காதுக்கு நம் கட்டட வேலையில் தனிப் பெயரும் இல்லை, தனி மதிப்பும் இல்லை. குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2030-க்குள் எட்டு லட்சம் கான்கிரீட் வீடுகள் கட்டச் சொல்கிறது. கட்டட்டும், ஒழுகும் கூரையின் கீழ் யாரும் கிடக்க வேண்டாம். ஆனால் அதுவரைக்கும், அதற்குப் பிறகும், ஓட்டு வீடுகள் இருக்கத்தான் போகின்றன. செஞ்சிப் பேரூராட்சி ஆண்டுக்கொரு முறை ஆனி, ஆடியில் ஓட்டு வீடுகளைப் பார்வையிட்டுக் கூரைக் குறிப்பு எழுதும் வேலையைத் தொடங்கலாம். அதைச் செய்ய வெளியிலிருந்து வல்லுநர் வர வேண்டியதில்லை. இந்த மேஸ்திரிகளையும் சித்தாள்களையும் உரிய சம்பளத்துக்கு அமர்த்தினால் போதும். உளி, சுத்தியலோடு ஒரு நோட்டும் அவர்கள் பையில் இருக்கட்டும்.