காரணம் எழுதாத ஒரு வரி

ஜூன் 9

வக்கீல் கேட்ட மெடிக்கல் போர்டு நகல் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடைத்தது. 2003-இல் ராணுவத்திலிருந்து என்னை உடல்நிலை காரணமாக போர்டு அவுட் செய்து அனுப்பியபோது கொடுத்தது. நோய்: வலிப்பு. ஊனம்: 20 சதவீதம், நிரந்தரம். அடுத்த கட்டத்தில், ராணுவப் பணியால் வந்ததும் இல்லை, கூடியதும் இல்லை என்று ஒரு வரி. டிசபிலிட்டி பென்ஷன் இல்லாமல் போனது அதனால்தான். மேல்முறையீடு செய்தபோதும் அதே வரியைத்தான் பதிலாக அனுப்பினார்கள்.

ஜூன் 11

வக்கீலும் பழைய ராணுவத்துக்காரர். "முதல் ஃபிட்ஸ் எப்ப வந்துச்சு, ஹவில்தார்?" என்றார். லடாக்கில், லே ஊரில், ராத்திரி டூட்டியில் என்றேன். சேரும்போது ஷேப்-1, அதாவது முழு உடல்தகுதி. கேட்டதும் சிரித்துவிட்டார்.

என்னை அனுப்பியபோது நடப்பில் இருந்த 1982-ஆம் வருட விதிகளைக் காட்டினார். சேரும்போது நோய்க்குறிப்பு எதுவும் இல்லையென்றால், பிறகு வந்து ஆளை வெளியே அனுப்பிய நோய் பணியில் வந்ததாகவே கொள்ள வேண்டும். முன்பே இருந்தது, சோதனையில் தெரிந்திருக்காது என்று டாக்டர்கள் நினைத்தால் காரணத்தை எழுத வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது அல்ல. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வைத்துத்தான் பென்ஷன் கொடுக்கச் சொன்னது. தரம்வீர் சிக்னல்ஸ் படையில் ஒன்பது வருடம் இருந்தவர். அவருக்கும் வலிப்பு, அதே 20 சதவீதம்! இத்தனை வருடம் நான்தான் நிரூபிக்க வேண்டும் என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 16

சென்னை, ஆயுதப்படைத் தீர்ப்பாயம். முன்பே போட்டிருந்த என் மனு விசாரணைக்கு வந்தது. அமர்வில் இருவர்: ஒருவர் நீதித்துறையிலிருந்து, மற்றவர் படையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். டாக்டர்களின் கருத்தில் தலையிடக் கூடாது என்று அரசு வக்கீல் வாதாடினார். நியாயமான வாதம்தான். நீதிபதி வைத்தியம் பார்க்க முடியாது. ஆனால் படைக்காரர் அந்தப் பக்கத்தைப் புரட்டி, "காரணம் எங்கே எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டார். அரசுத் தரப்பில் பதில் இல்லை. தீர்ப்பை ஒத்திவைத்தார்கள்.

"இதுக்கா விடியக்காலம் வேலூர்ல பஸ் ஏறினோம்? பத்து நிமிஷத்துல முடிச்சுட்டாங்களே" என்று வீட்டுக்காரிக்குக் கோபம்.

ஜூன் 30

உத்தரவு வந்துவிட்டது. நிராகரிப்பு ரத்து. 2014-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த ராம் அவதார் தீர்ப்பின்படி என் 20 சதவீதத்தை 50 ஆகக் கணக்கிட வேண்டும். நான்கு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டியும் சேரும்.

பாக்கி மட்டும் 2003-இலிருந்து கிடையாது. மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான். தாமதமாக வருகிறவர்களுக்கு 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கணக்கு அது. தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் வலிக்கிறது.

சாயங்காலம், என்னோடு யூனிட்டில் இருந்த குடியாத்தம் நண்பனுக்குப் போன் போட்டேன். அவனையும் இப்படித்தான் சர்க்கரை நோய் என்று அனுப்பினார்கள். "போர்டு பேப்பரை எடுத்துக் காரணம் எழுதியிருக்கான்னு பாருடா. இல்லேன்னா உடனே மனு போடு. ஒரு மாசம் தள்ளிப்போட்டா ஒரு மாசப் பணம் போச்சு" என்றேன்.